கழுத்துக்கு நெட்டி எடுக்கக் கொடுக்கும் முன்

ஞாயிறு ராத்திரி மதுரையிலோ சேலத்திலோ பேருந்து ஏறி, தலை ஒரு பக்கமாகத் தொங்கத் தூங்கி, திங்கள் விடியலில் பெங்களூரு மடிவாளாவில் இறங்கும்போது கழுத்து பூட்டிக்கொண்டிருக்கும். இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் உடம்போடு சேர்த்துத் திரும்ப வேண்டும். அப்படியே குளித்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, அவுட்டர் ரிங் ரோட்டின் பள்ளங்களைத் தாண்டி அலுவலகம். மத்தியானச் சாப்பாட்டு மேசையில் பக்கத்து இருக்கைக்காரர் செல்போனை நீட்டுகிறார். "மச்சி, இவர்கிட்ட ஒரு தடவ போய்ட்டு வா. டக்குனு ஒரே திருப்பு, அவ்ளோதான்." திரையில் ஒருவர் மல்லாந்து படுத்திருக்கிறார். இன்னொருவர் அவர் தலையை இரண்டு கையிலும் ஏந்தி, லேசாகச் சாய்த்து, வெடுக்கென்று திருப்புகிறார். மைக் வைத்துப் பதிவு செய்த சொடக்குச் சத்தம் கேட்கிறது. படுத்திருந்தவர் சிரிக்கிறார்.

அந்தத் திருப்புக்குப் பிறகு பெரும்பாலோர் சிரித்தபடிதான் எழுந்து போகிறார்கள். அதை மறைத்துவிட்டுப் பயமுறுத்துவது சரியல்ல. ஆனால் மிகச் சிலருக்குக் கழுத்தின் ரத்தக் குழாய் உள்ளே கிழிகிறது, அல்லது ஏற்கெனவே கிழிந்திருந்தது மோசமாகிறது. அவர்களில் சிலருக்கு மூளையில் ஸ்ட்ரோக் வருகிறது. கிடைக்கும் பலனோ, அந்தத் திருப்பு இல்லாமலே கிடைக்கக்கூடிய பலன். இந்த இரண்டையும் தராசில் வைத்தால் கழுத்தை யாரிடமும் திருப்பக் கொடுக்க வேண்டாம் என்பதுதான் என் முடிவு. காரணங்களை விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் "ஆபத்து" என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்பதில்லை.

முதலில், என்ன செய்கிறார்கள் என்பது. அந்த வீடியோவில் தலையைத் திருப்பியவர் ஒரு கைரோபிராக்டர், அதாவது கைரோபிராக்டிக் முறையில் கையாலேயே மூட்டுகளைச் சரிசெய்வதாகச் சொல்பவர். கைரோபிராக்டிக் என்பது அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டேவன்போர்ட் ஊரில், 1895-இல் டி.டி. பால்மர் தொடங்கி வைத்த முறை. முதுகெலும்பு முள்ளெலும்புகள் இடம் விலகுவதுதான் நோய்களின் வேர் என்பது அவர் கொள்கை. இன்றைக்கு அந்தத் தொழிலில் இருக்கும் பலரே அந்தக் கொள்கையை அப்படியே நம்புவதில்லை. ஆனால் கையாளும் முறை தொடர்கிறது. மூட்டை அது போகக்கூடிய எல்லை வரை கொண்டுபோய், அங்கிருந்து சிறிய தூரத்துக்கு மிக வேகமாக ஒரு உந்து. அந்த உந்து 0.2 விநாடிக்குள் முடிந்துவிடும். இந்த வேகம்தான் விஷயம். கழுத்துத் தசை சுதாரித்து இறுகி, "போதும்" என்று தடுப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். பிசியோதெரபியில் "மொபிலைசேஷன்" என்று ஒன்று உண்டு. அதில் மூட்டை மெதுவாக, திரும்பத் திரும்ப அசைப்பார்கள். வலித்தால் நோயாளி நிறுத்தச் சொல்லலாம், அவரும் நிறுத்தலாம். மெய்ட்லண்ட் என்ற ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்ட் வகுத்த தரவரிசையில் ஒன்று முதல் நாலு வரை இந்த மெதுவான அசைவு, ஐந்தாவதுதான் வெடுக்கென்ற உந்து. இந்த நாலுக்கும் ஐந்துக்கும் உள்ள கோட்டை நோயாளி தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சொடக்குச் சத்தம் எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்த சத்தம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது இல்லை. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான திரவத்தில் திடீரென அழுத்தம் குறைந்து வாயுக் குழி உருவாகும் சத்தம் அது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2015-இல் விரலை இழுத்துச் சொடக்கும்போது எம்.ஆர்.ஐ.யில் படம்பிடித்தே காட்டினார்கள். சத்தம் வந்தது என்பதற்கு, சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. சத்தத்துக்குப் பின் கொஞ்ச நேரம் வரும் லேசான சுகம் உண்மைதான். அந்தச் சுகத்துக்காக வாரா வாரம் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

இனி ரத்தக் குழாய். கழுத்தில் மூளைக்குப் போகும் பெரிய குழாய்கள் நாலு. முன்பக்கம் இரண்டு கரோட்டிட், பின்பக்கம் இரண்டு வெர்ட்டிப்ரல். நம் கதை பெரும்பாலும் பின்பக்கத்து இரண்டைப் பற்றியது. ஒவ்வொன்றும் சுமார் 3 முதல் 5 மில்லிமீட்டர் விட்டம். கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் உண்டு. மேலிருந்து எண்ணினால் ஆறாவதாக வரும் எலும்பின் பக்கவாட்டுத் துளைக்குள் இந்தக் குழாய் கீழிருந்து நுழைந்து, ஒவ்வொரு எலும்பின் துளை வழியாகவும் மேலே ஏறுகிறது, ஊசியில் நூல் கோத்ததுபோல. இரண்டாவது எலும்பைத் தாண்டியதும் வெளிப்பக்கமாக வளைந்து, முதல் எலும்பின் துளையில் ஏறி, அதன் மேல் பின்பக்கமாகச் சுற்றிப் படுத்து, பிறகுதான் மண்டையோட்டுக்குள் போகிறது.

ஏன் அங்கே அந்த வளைவு? தலையைப் பக்கவாட்டில் திருப்பும்போது ஏறக்குறைய பாதித் திருப்பம் முதல் எலும்புக்கும் இரண்டாவது எலும்புக்கும் இடையில்தான் நடக்கிறது. திரும்பும்போது குழாய் இழுபடாமல் இருக்க அங்கே கொஞ்சம் நீளத்தை மிச்சம் விட்டிருக்கிறது உடம்பு. சாதாரணத் திருப்பத்துக்கு அந்த மிச்சம் போதும். எல்லை வரை திருப்பி, அங்கிருந்து வெடுக்கென ஒரு உந்து கொடுத்தால், குறிப்பாகத் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு கொடுத்தால், இழுவை விழுவது அந்த இடத்தில்.

குழாயின் சுவரை வாழைத்தண்டோடு ஒப்பிடலாம். பட்டை பட்டையாக மூன்று அடுக்கு. உள் அடுக்கில் சின்னக் கீறல் விழுந்தால் போதும், அழுத்தத்தோடு ஓடும் ரத்தம் அந்தக் கீறல் வழியே அடுக்குகளுக்கு நடுவே புகுந்து, பட்டையை உரிப்பதுபோல உரித்துக்கொண்டே போகும். இதைத்தான் மருத்துவர்கள் "டிசெக்‌ஷன்" என்கிறார்கள். இரண்டு விதமாகக் கெடுதல் வரும். சுவருக்குள் தேங்கிய ரத்தம் வீங்கி ஓட்டப்பாதையை நெரிக்கலாம். அதைவிட அதிகம் நடப்பது, கீறிய இடத்தில் ரத்தம் உறைந்து கட்டியாகி, அதிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து மேலே போய் மூளையின் சிறு குழாயை அடைப்பது. முதல்நாளே நடக்கலாம், சில நாள் கழித்தும் நடக்கலாம். கீறல் விழுந்த முதல் இரண்டு வாரம்தான் ஸ்ட்ரோக் அபாயம் அதிகம். அதனால்தான் செவ்வாய்க்கிழமை திருப்பியதற்கும் சனிக்கிழமை தலைசுற்றி விழுந்ததற்கும் சம்பந்தம் இருக்கும் என்று வீட்டில் யாருக்கும் தோன்றுவதில்லை.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தக் கிழிசல் கழுத்தைத் திருப்புவதால் மட்டும் வருவதல்ல. பலமான தும்மல், விடாத இருமல், அண்ணாந்து சீலிங்குக்குப் பெயிண்ட் அடிப்பது, வண்டி பள்ளத்தில் விழுந்த குலுக்கல் என்று அற்பக் காரணங்களுக்குப் பிறகும் வரும், ஒரு காரணமும் இல்லாமலும் வரும். மேலை நாட்டுக் கணக்கில் கரோட்டிட், வெர்ட்டிப்ரல் இரண்டையும் சேர்த்து ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் மூன்று பேருக்கு. அரிதுதான். ஆனால் 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் ஸ்ட்ரோக்கில் இது முக்கியமான காரணங்களில் ஒன்று. பி.பி. இல்லை, சுகர் இல்லை, சிகரெட் இல்லை, நாற்பது வயதுகூட ஆகவில்லை, எப்படி ஸ்ட்ரோக் என்று குடும்பமே திகைத்து நிற்கும் இடங்களில் மருத்துவர்கள் தேடுவது இதைத்தான்.

அப்படியானால் கைரோபிராக்டரின் திருப்பு எவ்வளவு பொறுப்பு? இதில் சண்டை இன்னும் ஓயவில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத் தரவை வைத்து 2001-இல் வந்த ஆய்வு, 45 வயதுக்குக் கீழே பின்பக்க ஸ்ட்ரோக் (வெர்ட்டிப்ரல் குழாய்கள் ரத்தம் கொடுக்கும் பகுதியில் வருவது) வந்தவர்கள், வராதவர்களைவிட, முந்தைய ஒரு வாரத்துக்குள் கைரோபிராக்டரிடம் போயிருக்கும் வாய்ப்பு ஐந்து மடங்கு என்றது. அதே மாகாணத்தில் 2008-இல் வந்த பெரிய ஆய்வு ஒன்பது ஆண்டுக் காலத்தில் 818 நோயாளிகளை எடுத்துக்கொண்டது. அதிலும் அந்தத் தொடர்பு தெரிந்தது. ஆனால் குடும்ப டாக்டரிடம் போனவர்களிடமும் அதே அளவு தொடர்பு தெரிந்தது. குடும்ப டாக்டர் கழுத்தைத் திருப்புவதில்லை. ஆக, குழாய் முதலிலேயே கிழிந்து, அந்த வலிக்காகத்தான் அவர்கள் யாரிடமோ போயிருக்கிறார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். கைரோபிராக்டர்கள் எப்போதும் மேற்கோள் காட்டுவது இந்த ஆய்வை.

அந்த விளக்கத்தில் நியாயம் இருக்கிறது. கதை அதோடு முடியவில்லை. 2003-இல் அமெரிக்காவில் டிசெக்‌ஷன் வந்த 51 பேரை, வேறு காரணத்தால் ஸ்ட்ரோக் வந்த 100 பேரோடு ஒப்பிட்டார்கள். முன்பே கழுத்து வலி இருந்ததைக் கணக்கில் கழித்த பிறகும், வெர்ட்டிப்ரல் கிழிசலுக்கும் கழுத்துத் திருப்பலுக்கும் தொடர்பு மிஞ்சியது. 2014-இல் அமெரிக்க இதயச் சங்கமும் ஸ்ட்ரோக் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை நிதானமானது. எண்ணிக்கை குறைவாகவே இருக்கும், காரணம்–விளைவு என்று உறுதியாக நிரூபிப்பது கடினம், ஆனாலும் இப்படி ஒரு தொடர்பு இருப்பதைத் திருப்புவதற்கு முன்பே நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும் என்றது. "58.5 லட்சம் திருப்பலுக்கு ஒன்றுதான்" என்று ஒரு கணக்கையும் சொல்வார்கள். அது கனடாவின் கைரோபிராக்டர்களுக்கான காப்பீட்டு அமைப்புக்கு வந்த புகார்களை வைத்துப் போட்டது. புகார் கொடுக்காதவர்கள், தொடர்பே தெரியாமல் போனவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. எனவே அந்த எண்ணைத் தலைமேல் வைத்துக் கொண்டாட வேண்டாம்.

என்னைப் பொறுத்தவரை இந்த இரண்டு விளக்கத்தில் எது ஜெயித்தாலும் நோயாளி செய்ய வேண்டியது மாறுவதில்லை. திருப்பியதால் கிழிந்தது என்றால் திருப்பக் கூடாது. கிழிந்த வலியோடுதான் வந்து படுத்தார் என்றால், கிழிந்த குழாய் இருக்கும் கழுத்தைத் திருப்புவது அதைவிட மோசம். 2016-இல் லாஸ் ஏஞ்சலிஸில் 34 வயது மாடல் ஒருவர் கீழே விழுந்த கழுத்து வலிக்காகக் கைரோபிராக்டரிடம் போய், பிறகு ஸ்ட்ரோக் வந்து இறந்தார். கழுத்தைத் திருப்பியதில் வெர்ட்டிப்ரல் குழாய் கிழிந்ததே காரணம் என்று அந்த ஊர் மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார்.

ஆகவே அடையாளம் காண வேண்டியது அந்த வலியை. பேருந்தில் தூங்கியதால் வந்த பிடிப்பு, கழுத்தை அசைத்தால் சுருக்கென்று பிடிக்கும், அசைக்காமல் வைத்தால் அடங்கும், விரலால் அழுத்தினால் "இங்கதான்" என்று காட்ட முடியும். குழாய் கிழிந்த வலி பெரும்பாலும் ஒரே பக்கம், பின்கழுத்திலோ பிடரிக்கு மேல் பின்மண்டையிலோ, சட்டென்று தொடங்கும். அசைவைச் சார்ந்திராமல் விண்விண்ணென்று இருந்துகொண்டே இருக்கும். முன்பக்கக் கரோட்டிட் என்றால் தாடை, முகம், கண்ணைச் சுற்றி வலி வரலாம், அந்தப் பக்க இமை லேசாகச் சரிந்து கண்ணின் பாப்பா சிறுத்திருக்கலாம், காதுக்குள் நாடித் துடிப்பு கேட்கலாம். நோயாளிகள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "இதுமாதிரி வலி எனக்கு வந்ததே இல்லை." அந்த வாக்கியம் வாயில் வந்துவிட்டால் யாரிடமும் கழுத்தைக் கொடுக்கக் கூடாது, நீவிவிடக்கூட விடக் கூடாது. மைக்ரேன் உள்ளவர்கள், முந்தைய வாரம் காய்ச்சல் இருமலில் கிடந்தவர்கள், வண்டியிலிருந்து விழுந்தவர்கள், பிரசவமாகிச் சில வாரமே ஆனவர்கள், மூட்டும் தோலும் அளவுக்கு மீறி இழுபடும் பிறவித் தன்மை உள்ளவர்கள் ஆகியோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

ரத்தக் குழாய் மட்டுமில்லை. நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோய் இன்னும் உண்டு. கழுத்தெலும்பைக் காசநோய் அரித்திருக்கும்போது அது வெறும் கழுத்து வலியாகத்தான் தெரியும். முடக்குவாதம் நாள்பட்டால் முதல் இரண்டு எலும்பைக் கட்டும் தசைநார் தளர்ந்துவிடும். பிறவியிலேயே அந்த மூட்டு தளர்ந்தவர்களும் இந்தியாவில் குறைவில்லை. மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் அதுல் கோயல் 1994-இல் எழுதி வெளியிட்ட, அந்த இரண்டு எலும்பையும் திருகாணியும் தகடும் வைத்துப் பிணைக்கும் முறை இன்று உலகெங்கும் பயன்படுகிறது. அந்த மூட்டைத் திருப்புவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அந்த அறுவை சிகிச்சையே சாட்சி. தண்டுவடம் நெரிபட ஆரம்பித்தவர்களுக்குச் சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறும், நடை தள்ளாடும், செருப்பு காலில் நிற்காமல் நழுவும். இவர்கள் யாருடைய கழுத்தையும் வெடுக்கென்று திருப்பக் கூடாது. இங்கிலாந்தின் யார்க் நகரில் 2017-இல் கைரோபிராக்டரிடம் போன 80 வயதுக்காரர் ஒருவருக்குக் கழுத்து முறிந்து, மறுநாள் உயிர் போனது. அவர் முதுகெலும்பின் தசைநார்கள் ஏற்கெனவே எலும்பாக இறுகியிருந்தன.

"முன்னாடி டெஸ்ட் பண்ணிட்டுத்தான் திருப்புவோம்" என்று சொல்வார்கள். தலையைப் பின்னால் சாய்த்துத் திருப்பிச் சில விநாடி பிடித்து, தலைசுற்றுகிறதா, கண் ஆடுகிறதா என்று பார்க்கும் ஒரு பழைய பரிசோதனை அது. யாருக்குக் கிழியும் என்பதை அது நம்பகமாகச் சொல்வதில்லை. டெஸ்டில் ஒன்றும் தெரியாமல் போய், பிறகு கிழிந்தவர்கள் உண்டு. கையால் மூட்டை அசைத்துச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்டுகளின் சர்வதேச அமைப்பே 2020-இல் திருத்திய வழிகாட்டுதலில் நோயாளியின் வரலாற்றைக் கேட்பதற்கும், பி.பி. பார்ப்பதற்கும், கண், முகம், நாக்கு நரம்புகளைச் சோதிப்பதற்கும்தான் முதலிடம் கொடுக்கிறது. அதனால் கழுத்து வலிக்கென்று போன இடத்தில் யாராவது தொடுவதற்கு முன் பி.பி. கருவியை எடுத்தால் நல்ல இடம் என்று ஒரு மதிப்பெண் போடலாம். வாசலிலேயே கேமரா ஸ்டாண்டு நின்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

இந்தியாவில் கைரோபிராக்டருக்கென்று தனிச் சட்டப்படியான கவுன்சில் கிடையாது. பிரிட்டனில் 1994 முதல் அதற்கென்று சட்டமும், பெயரைப் பதிவிலிருந்து நீக்கும் அதிகாரமுள்ள கவுன்சிலும் இருக்கிறது. இங்கே இந்திராநகரிலோ கோரமங்களாவிலோ பலகை மாட்டியிருப்பவர் வெளிநாட்டில் நாலைந்து வருடம் படித்தவராகவும் இருக்கலாம், சில நாள் பயிற்சி முகாமில் சான்றிதழ் வாங்கியவராகவும் இருக்கலாம். பலகையைப் பார்த்து வித்தியாசம் தெரியாது. கூச்சப்படாமல் கேளுங்கள்: என்ன படிப்பு, எந்தப் பல்கலைக்கழகம், எத்தனை வருடம்? கழுத்தில் வேகமான உந்து கொடுப்பீர்களா? அதில் ஸ்ட்ரோக் அபாயம் உண்டா? மூன்றாவது கேள்விக்கு "சேச்சே, அதெல்லாம் கிடையாது" என்று பதில் வந்தால், அங்கே இருப்பவர் தன் தொழிலைப் பற்றிய எழுத்தையே படிக்காதவர். போய்த்தான் ஆக வேண்டுமென்றால் "கழுத்தை வெடுக்கென்று திருப்ப வேண்டாம், மெதுவான அசைவு மட்டும் போதும்" என்று படுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். படுத்த பிறகு தலை அவர் கையில் இருக்கும்.

ஒய் ஸ்ட்ராப் என்று ஒரு பட்டை வந்திருக்கிறது. தாடைக்கும் பிடரிக்கும் அணைத்துக் கட்டி, தலைமாட்டில் நின்று ஒரே இழுப்பு. கையால் திருப்புபவராவது ஒரு மூட்டைக் குறிவைக்கிறேன் என்று சொல்ல முடியும். இதில் விசை முழுக் கழுத்தையும் ஒரே நேரத்தில் இழுக்கிறது, எந்த எலும்புக்கு எவ்வளவு போனது என்பது இழுப்பவருக்கே தெரியாது.

கைரோபிராக்டரைத் திட்டிவிட்டு சலூன்காரரை விட்டுவிட முடியாது. நம்மில் அதிகம் பேர் கழுத்தைக் கொடுப்பது அங்கேதான். அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ முடிவெட்டி முடிந்ததும் நாற்காலியைக் கொஞ்சம் சாய்த்து, குளிர்ச்சியான எண்ணெயை உச்சியில் தட்டி, நெற்றிப் பொட்டில் விரலை உருட்டி, தோளைப் பிடித்துவிட்டு, கண் சொக்கிப்போன நேரத்தில் ஒரு கை தாடைக்கும் ஒரு கை பின்மண்டைக்கும் வந்துவிடும். "அண்ணா, லூசா விடுங்க." இந்தப் பக்கம் ஒரு சொடக்கு, அந்தப் பக்கம் ஒரு சொடக்கு. அன்பாகச் செய்வதுதான், காசு கூடக் கேட்க மாட்டார். ஆனால் "லூசா விடுங்க" என்பதுதான் ஆபத்தான வார்த்தை, கழுத்துக்கு இருந்த ஒரே தடுப்பும் அப்போது போய்விடுகிறது. 2024-இல் பல்லாரியில் 30 வயதுத் தொழிலாளி ஒருவருக்கு சலூனில் கழுத்தைத் திருப்பிய சில மணி நேரத்தில் பேச்சுப் போய், இடது பக்கம் தளர்ந்து, கரோட்டிட் குழாய் கிழிந்திருப்பது தெரிந்த செய்தி பெங்களூரு நாளிதழ்களில் வந்தது. 2017-இல் டில்லிப் பக்கம் 54 வயதுக்காரர் ஒருவருக்கு இதே சொடக்கில் உதரவிதானத்தை இயக்கும் நரம்பு சேதமாகி மூச்சுவிடவே சிரமமானது. தமிழ் தெரிந்த கடை என்றால் "நெட்டி எடுக்க வேண்டாம்ணே" போதும். கன்னடம் என்றால் "குத்திகே திருகிசபேடி". இந்திக்காரத் தம்பி என்றால் "கர்தன் மத் மோட்னா பையா". தலையை மட்டும் பிடித்துவிடச் சொல்லுங்கள், அதில் தப்பில்லை.

பெண்களுக்குப் பார்லரில் இன்னொன்று. முடி அலசும் தொட்டியின் விளிம்பில் கழுத்தை வைத்து, தலையை முழுக்கப் பின்னால் சாய்த்து, பத்து நிமிடம் இருபது நிமிடம் அப்படியே கிடப்பது. இதற்கு "பியூட்டி பார்லர் ஸ்ட்ரோக்" என்ற பெயரே 1993-இல் அமெரிக்க மருத்துவ இதழில் வந்தாயிற்று. ஒரு துண்டை உருட்டிக் கழுத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் வைத்து, தலை அதிகம் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தலைசுற்றினால் உடனே நிமிர்ந்துவிடுங்கள்.

சரி, திங்கள்கிழமைக் கழுத்துக்கு என்ன வழி? 2012-இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. கழுத்து வலியுள்ள 272 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பன்னிரண்டு வாரம் கைரோபிராக்டரின் திருப்பு, ஒரு பிரிவுக்கு மாத்திரை, ஒரு பிரிவுக்கு வீட்டுப் பயிற்சி. மாத்திரையைவிடத் திருப்பு மேல். ஆனால் வீட்டுப் பயிற்சி கிட்டத்தட்ட திருப்புக்குச் சமமாக நின்றது. அந்தப் பயிற்சிக்காரர்கள் ஒரு மணி நேர வகுப்பு இரண்டே இரண்டுதான் போனார்கள், மீதி எல்லாம் வீட்டில். ஒவ்வொரு அசைவையும் 5 முதல் 10 தடவை, நாளைக்கு ஆறு முதல் எட்டு முறை, வலிக்காத அளவுக்கு. ரகசியம் இந்த "ஆறு முதல் எட்டு முறை"யில்தான் இருக்கிறது. காலையில் அரை மணி நேரம் செய்துவிட்டு நாள் முழுக்க மறந்துபோகிறவருக்குப் பலன் குறைவு.

செய்யும் விதம் இது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண் நேராகப் பார்க்க, தாடையை அப்படியே பின்னால் இழுங்கள், கழுத்தில் இரட்டைத் தாடை விழுகிறமாதிரி. குனியவோ அண்ணாந்து பார்க்கவோ கூடாது. 5 விநாடி பிடித்து விடுங்கள். பிறகு தலையை மெதுவாக ஒரு பக்கம் திருப்பி, லேசாக இழுக்கும் இடத்தில் நிறுத்தி, மூச்சை விட்டுத் திரும்பி வாருங்கள். மறு பக்கமும் அப்படியே. அடுத்து தோள்பட்டை இரண்டையும் பின்னால் கொண்டுபோய்ச் சேர்த்துப் பிடித்து விடுவது. முதல் இரண்டு மூன்று நாள் சுடுதண்ணீர்ப் பையை 15 நிமிடம் வைக்கலாம், தேவைப்பட்டால் பாரசிட்டமால். சாதாரணப் பிடிப்பு பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானே விட்டுவிடும். மடிக்கணினியைப் புத்தகம் அடுக்கியாவது உயர்த்தி, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரச் செய்து, கீபோர்டைத் தனியாக வையுங்கள். பேருந்துக்கு வாங்கும் யு வடிவத் தலையணையின் தடித்த பகுதி பிடரியில் இருந்தால் தலையை முன்னால் தள்ளும். திருப்பிப் போட்டுத் தாடைக்கு முட்டுக் கொடுங்கள், தலை தொங்காது.

கடைசியாக, நடக்கக் கூடாதது நடந்துவிட்டால். இங்கே "பக்கவாதம்" என்ற நம் சொல்லே நம்மை ஏமாற்றும். பின்பக்க ஸ்ட்ரோக்கில் கை, கால் விழாமலே போகலாம், வாய் கோணாமலே போகலாம். நிற்க முடியாத தலைசுற்றலும் வாந்தியும்தான் முதலில் வரும். ஒன்று இரண்டாகத் தெரியும். குரல் கரகரக்கும், பேச்சு குழறும். தண்ணீர் குடித்தால் புரையேறும் அல்லது மூக்கு வழியே வரும். நிற்காத விக்கல் எடுக்கும். முகத்தில் ஒரு பக்கம் மரத்திருக்கும், உடம்பில் அதற்கு எதிர்ப்பக்கம் குளிக்கும்போது வெந்நீரின் சூடு தெரியாது. இவற்றைப் பார்த்து "கேஸ்", "பித்தம்", "காதுல தண்ணி போயிருக்கும்" என்று தலைசுற்றல் மாத்திரை கொடுத்துப் படுக்கவைப்பதுதான் வீடுகளில் நடக்கிறது. கழுத்தைத் திருப்பி இரண்டு வாரத்துக்குள் இவற்றில் ஒன்று வந்தாலும் படுக்கவைக்காதீர்கள்.

108 அல்லது 112. ஆம்புலன்ஸ் சில்க் போர்டு நெரிசலில் மாட்டும் என்று தெரிந்தால் கிடைத்த வண்டியில் கிளம்புங்கள், ஆனால் நோயாளியே ஓட்டக் கூடாது. பக்கத்து நர்சிங் ஹோமுக்கு அல்ல, 24 மணி நேரமும் சி.டி. ஸ்கேனும் நரம்பியல் மருத்துவரும் உள்ள இடத்துக்கு. உங்கள் வீட்டுக்கு அப்படிப்பட்ட இடம் எது என்று இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வாயில் எதுவும் கொடுக்க வேண்டாம், விழுங்கும் தசை வேலை செய்யாமல் இருக்கலாம். ஆஸ்பிரினும் வீட்டில் வேண்டாம். மண்டையோட்டுக்குள் போன பகுதியில் கிழிந்திருந்தால் ரத்தக் கசிவாகவும் இருக்கலாம், அதை ஸ்கேன்தான் சொல்லும். வாந்தி எடுப்பவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கடைசியாக எந்த மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அந்த மணியிலிருந்து 4.5 மணி நேரம்தான் கெடு. பெரிய குழாய் அடைத்திருந்தால் தொடை அல்லது மணிக்கட்டு வழியே கம்பி விட்டுக் கட்டியை எடுக்கும் சிகிச்சைக்குத் தகுதியானவர்களுக்கு 24 மணி நேரம் வரை வாய்ப்பு உண்டு.

மருத்துவரிடம் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: "இத்தனாம் தேதி கழுத்தைத் திருப்பினார்கள்." வெட்கப்பட்டோ, திட்டுவாரோ என்றோ மறைக்காதீர்கள். சாதாரணத் தலை சி.டி.யில் பின்மூளை ஸ்ட்ரோக் ஆரம்பத்தில் தெரியாமலே போகலாம், கழுத்துக் குழாய் அதில் வரவே வராது. இந்த வாக்கியத்தைக் கேட்டால்தான் கழுத்துக்கும் சேர்த்து ஆஞ்சியோகிராம் எழுதுவார், எம்.ஆர்.ஐ.யில் குழாய்ச் சுவரில் பிறைபோலத் தேங்கிய ரத்தத்தைத் தேடச் சொல்வார்.

கிழிசல் என்று உறுதியானால் பெரும்பாலும் மாத்திரைதான், மூன்று முதல் ஆறு மாதம். ஆஸ்பிரின் போன்றதா, ரத்தம் உறையாமல் தடுக்கும் வலுவான மருந்தா என்ற கேள்விக்கு 2015-இல் 250 பேரிடம் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் சோதித்துப் பார்த்தார்கள். மூன்று மாதத்தில் மறுபடி ஸ்ட்ரோக் வந்தவர்கள் இரு பிரிவிலும் சேர்த்து நாலே பேர். எது மேல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, நோயாளியைப் பார்த்து மருத்துவர் முடிவெடுப்பார். நடுவில் "வலி இல்லையே" என்று மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. சில மாதம் கழித்து மறுபடி ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்ப்பார்கள். பெரும்பாலானவர்களுக்குக் குழாய் தானே ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் வண்டி ஓட்டலாமா, எடை தூக்கலாமா, சிரசாசனம் செய்யலாமா என்பதையெல்லாம் நரம்பியல் மருத்துவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சலூன்காரரிடம் சொல்ல வேண்டியதை மட்டும் யாரையும் கேட்கத் தேவையில்லை.